கட்டிலுக்கடியில் இருக்கும் லட்டுவுக்காக

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் உன் ஷிட்சு நாய் லட்டுவின் நினைப்புதான். கடையில் குளிப்பாட்டி முடி வெட்டும் குரூமிங் முடித்து வந்தவன் நேராகக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான், கூப்பிட்டால் வருவதில்லை, கோழிக்கறியைக்கூடத் தொடவில்லை, "என் மேல கோபமா இருக்கான்ப்பா" என்று அழுதாய். போனில் உன் அழுகைக்கு நடுவே நான் சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோபம் எல்லாம் இல்லை கண்ணு. அவனுக்கு நேற்று என்ன நடந்தது என்று அவன் பக்கமிருந்து பார். ஆறு கிலோ உடம்பு. தெரியாத இடம், கூண்டில் காத்திருப்பு, பக்கத்துக் கூண்டுகளில் குரைக்கும் நாய்கள். மேசை மேல் ஏற்றிக் கழுத்தில் வளையம் மாட்டினால் ஓட நினைத்தாலும் முடியாது. அப்புறம் முடியை உலர்த்தும் அந்த ப்ளோயர். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயின் காது சுமார் 45,000 வரை கேட்கும். நமக்கே இரைச்சலாக இருப்பது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? போதாததற்கு ஷாம்பு வாசனை. தன் உடம்பிலேயே வேறு யாருடைய வாசனையோ வந்தால் ஒரு நாய்க்கு எவ்வளவு குழப்பமாக இருக்கும்! வந்ததும் பாயில் புரண்டான் என்றாயே, அந்த வாசனையைப் போக்கத்தான் பெரும்பாலும் அப்படிப் புரளும். புரளட்டும், தடுக்காதே.

ஆனால் ஒன்று. பயந்துவிட்டான் என்று முடிவு கட்டும் முன் எங்காவது வலிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கால்நடைத் துறையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன், ஒதுங்கிப் படுத்த விலங்குகளில் பலவற்றுக்கு எங்கோ நோவு இருக்கும். இழுத்துப் போட்டுப் பார்க்காதே. அவனாக வெளியே வரும்போது, நல்ல வெளிச்சத்தில் மெதுவாகப் பார்.

முதலில் கண். ஷிட்சுவுக்குக் கண் துருத்திக்கொண்டிருக்கும். ஷாம்பு பட்டாலோ முடி குத்தினாலோ கருவிழியில் சீக்கிரம் புண் வந்துவிடும். ஒரு கண்ணைச் சுருக்கினாலோ, நீர் வடிந்தாலோ, காலால் தேய்த்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ, மறுநாள் வரை காத்திருக்காதே. அடுத்தது காது. உள்முடியைப் பிடுங்கியிருந்தால் எரிச்சல் இருக்கும், தண்ணீர் போயிருந்தால் தலையை உதறிக்கொண்டே இருப்பான். ரொம்ப உதறினால் காது மடலுக்குள் ரத்தம் கட்டி பலூன் மாதிரி வீங்கிவிடுவதும் உண்டு. பிறகு வயிற்றின் அடிப்பகுதி, தொடை இடுக்கு, அக்குள். மெஷின் பிளேடு சூடானால் அந்த மெல்லிய தோல் சிவந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள், தேங்காயெண்ணெய், டெட்டால் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் தடவாதே. எதைத் தடவினாலும் அவன் நக்கத்தான் போகிறான். நக்கி நக்கியே சிவப்பு புண்ணாகிவிடும் போலிருந்தால் வாய் எட்டாதபடி கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு மாட்டு.

நகத்தை ஒட்ட வெட்டியிருந்தால் ஒரு காலை ஊன்றத் தயங்குவான். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால், ஆசனவாய்ப் பக்கத்துச் சுரப்பியைக் கடையில் பிதுக்கியிருக்கலாம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் காட்டிவிடு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குளிப்பாட்டிய ஓரிரு நாளில் முதுகைத் தொட்டாலே வலியில் கத்துவது, சோர்ந்து படுப்பது, காய்ச்சல், முதுகில் கட்டி கட்டியாகக் கிளம்பி ரத்தம் கசிவது. தண்ணீர் கலந்து வைத்த ஷாம்பு பாட்டிலில் வளரும் சூடோமோனாஸ் போன்ற கிருமி முடிக்கால்களுக்குள் இறங்குவதால் வருவது இது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடு. அதற்கு மேல் ஏறி, முதுகைத் தொட விடவில்லையென்றால் உடனே தூக்கிக்கொண்டு போ. நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தாலும், மூச்சு இரைப்பது அடங்காவிட்டாலும் அப்படியே. லட்டு மாதிரி தட்டை மூக்கு நாய்க்கு மூச்சு விஷயத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. மனுஷர்கள் சாப்பிடும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கூடக் கொடுத்துவிடாதே. ஐபுப்ரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால், சரி, இனி அவன் போக்கில் விடு. கட்டிலுக்கடியிலேயே அவன் படுக்கும் பழைய போர்வையைத் துவைக்காமல் போடு. அதில் உன் வாசனையும் அவன் வாசனையும் இருக்கும். பக்கத்தில் தண்ணீர் வை. முடியை ஒட்ட வெட்டியிருப்பதால் ஃபேன் காற்றுகூட அவனுக்கு இப்போது புதிதாக உறைக்கும், வேகத்தைக் குறை. உன் தோழிகள் வந்து "அய்யோ எவ்வளவு கியூட்!" என்று தூக்கிக் கொஞ்சுவதெல்லாம் வேண்டாம். நீ கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து உன் வேலையைப் பார். பயப்படும் நாயைத் தேற்றினால் பயம் இன்னும் வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பயம் என்ன சேட்டையா, செல்லம் கொடுத்தால் கூடுவதற்கு? அவனாக வந்து உன் மடியில் ஒண்டினால் தாராளமாக அணைத்துக்கொள். வராவிட்டால் நீ போய் இழுக்காதே. அவ்வளவுதான் வித்தியாசம். பயத்தில் உடம்பில் ஏறிய சுரப்புகள் அடங்க நேரம் பிடிக்கும். இன்றைக்கு ரொம்பத் தூங்குவான், தூங்கட்டும்.

சாயங்காலம் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் மெதுவாக நடக்க விடு. வேகமாக இழுத்துப் போகாமல், செடி, கல், மின்கம்பம் என்று அவன் மோந்து பார்க்கும் வரை நில். மோப்பம் பிடிப்பது நாயின் மனதை அமைதிப்படுத்தும். சாப்பாட்டுக்கு வெறும் சாதமும் வேகவைத்த கோழியும் போதும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பில் பிசைந்துவிடாதே. ஒரு நாள் முழுக்க ஒன்றுமே சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கேள்.

நம் ஊர்ப் பக்கம் கோமாரித் தடுப்பூசி போடப் போகும்போது பார்த்திருக்கிறேன். கட்டுத்தறிக்குள் பையோடு நுழைந்ததுமே சில மாடுகள் கண்ணை உருட்டிக்கொண்டு பின்வாங்கும். போன முறை முரட்டுத்தனமாக மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்த வீட்டு மாடுகளாகத்தான் அவை இருக்கும். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று கழுத்தைச் சொறிந்துவிட்ட மாடு அசையாமல் நிற்கும். லட்டுவுக்கும் அடுத்த முறை எப்படி என்பதை நீ இப்போதிருந்தே முடிவு செய்யலாம்.

தினமும் கொஞ்சம் சீவிவிடு. ஸ்டீல் சீப்பு தோல் வரை இறங்க வேண்டும், மேலாக மட்டும் சீவினால் அடியில் சிக்கு கட்டிக்கொள்ளும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும், ஹார்னஸ் என்கிற மார்புப் பட்டை உரசும் இடத்திலும்தான் அதிகம் சிக்கு விழும். சிக்கு இல்லையென்றால் கடையில் மொட்டையடிக்க வேண்டியதில்லை, நேரமும் பாதியாகும். வெயிலுக்கு நல்லது என்று ஒட்ட மழிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முடி வெயிலையும் தாங்கும். கட்டையாக வெட்டினால் போதும், தோல் தெரியக் கூடாது. இரண்டு நாளில் அவன் தெளிந்த பிறகு, பாதத்தைத் தொடு, ஒரு துண்டு கோழி கொடு. தொடு, கொடு. அது பழகியதும் நம் வீட்டு டிரிம்மரைத் தூரத்தில் ஓடவிட்டுத் தின்ன ஏதாவது கொடு, நாளாக நாளாகப் பக்கத்தில் கொண்டுவா. அவன் முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கக் கலக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விட்டாலோ நிறுத்திவிடு. "போதும்" என்று அவன் சொல்லும் விதம் அது.

கடைக்குப் போன் பண்ணி எங்காவது வெட்டுப்பட்டதா, எப்படி உலர்த்தினார்கள் என்று கேள். சண்டைக்குப் போகாதே. நாள் முழுக்க நின்றுகொண்டு கடி வாங்கும் வேலை அவர்களுடையது. ஆனால் கூட இருந்து பார்க்க விடமாட்டோம், கூண்டுக்குள் சூடான காற்று விட்டுத்தான் உலர்த்துவோம் என்றால் வேறு இடம் பார். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கு, முடிந்ததும் காக்க வைக்காமல் கூட்டி வா. நகம் ஒரு நாள், குளியல் இன்னொரு நாள் என்று பிரித்தாலும் நல்லது. அப்படியும் நடுங்கினால் டாக்டரைக் கேள், போவதற்கு முன் கொடுக்கும் பதற்ற மருந்து உண்டு. அவர் எழுதிக் கொடுத்த அளவில் மட்டும் கொடு.

இன்றைக்கு அவன் தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு மார்பு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணி எனக்கு அனுப்பு. முப்பதுக்குள் இருக்க வேண்டும். கண்ணை ஒரு போட்டோவும் எடு. நீயும் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று அம்மா புலம்புகிறாள், அவளுக்கும் ஒரு போன் பண்ணிவிடு.

அன்புடன்,
அப்பா