தோல் ஜாக்கெட்டை வெயிலில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வீட்டுக்குறிப்பில், பூஞ்சை பிடித்த தோல் ஜாக்கெட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் காயவைக்கச் சொல்லியிருந்தீர்கள். வாணியம்பாடி தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

ஆட்டுத்தோல் ஆடைக்கு மென்மை வருவதே பதனிடும்போது டிரம்மில் ஏற்றும் எண்ணெயால்தான். வெயிலில் போட்டால் தோல் வறண்டு விறைக்கும். முழங்கை மடிப்பில் வெடிப்பு விழும். தேங்காய் எண்ணெயோ திட்டுத்திட்டாகக் கறுத்து, நாளடைவில் காறல் வாடை அடிக்கும்.

ஜாக்கெட்டை வீட்டுக்கு வெளியே வைத்து, பூஞ்சையை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு, மென்மையான சோப்புநீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒருமுறை, வெறும் ஈரத்துணியால் மறுமுறை. காலரிலும் கைமுனையிலும்தான் வியர்வை அழுக்கு அடைந்திருக்கும். அங்கே பொறுமை வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், சாயமே உரிந்து துணியோடு வந்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் காய்ந்தபின் தோல் பொருள்களுக்கென உள்ள கண்டிஷனரை மெல்லத் தடவினால் போதும். வெல்வெட் போன்ற மேற்பரப்புள்ள ஸ்வீடு ரகத் தோலுக்கு இதெல்லாம் ஆகாது, மென்மையான பிரஷ் மட்டும்.

பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டினால் பூஞ்சை திரும்ப வரும். பழைய வேட்டியால் மூடி, அகலமான ஹேங்கரில் தொங்கவிடலாம். இதை அதே பகுதியில் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், வாணியம்பாடி