விடியலில் வந்து தண்ணீரை அளந்து பாருங்கள்

நீர் மாதிரி எடுக்கும் அதிகாரிகளுக்கும், சுகாதாரம், கால்நடை, வேளாண்மைத் துறைகளில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

திருநெல்வேலியில் தாமிரபரணித் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரும் பாளையங்கால்வாயில் நகரத்துச் சாக்கடை கலப்பதைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் மனுக்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. இந்த மடல் போன வாரம் எங்கள் குளத்தில் மீன் செத்துக் கிடந்ததைப் பற்றியது.

விடியற்காலையில் குளத்துக்குப் போனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கெண்டையும் கட்லாவும் வயிறு மேலாகக் கரையோரம் முழுக்க ஒதுங்கிக் கிடந்தன. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருந்தார். உடனே தகவல் சொன்னோம். உங்கள் ஊழியர் அன்றைக்கே வந்தார், அதற்கு நன்றி. ஆனால் வந்தது பதினொன்றரை மணிக்கு, உச்சி வெயில் ஏறும் நேரத்தில். கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். "ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் எழுதியது பொய் இல்லை, அந்த நேரத்துக்கு அது சரிதான். சாக்கடை சேர்ந்து பச்சையேறிய குளத்தில் வெயில் இருக்கும் வரை பாசி ஆக்சிஜனைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். இருட்டிய பிறகு அதே பாசியும், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துவிடும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்திருப்பது அரசுதான். மீன் செத்தது விடியலில். அந்த 5 நண்பகலில் மட்டும் இருந்தால் யாருக்கு என்ன பயன்? ஐயா, விடியலில் வந்து அளந்து பாருங்கள்.

மீனோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். போன பிசானப் பருவ நெல் நடவுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஓர் அக்கா காய்ச்சலில் விழுந்தார்கள். காலில் சேற்றுப்புண்ணோடு இந்தத் தண்ணீரில் நின்று நாற்று நட்டவர்கள். கண் மஞ்சளான பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். நடவுக் கூலியெல்லாம் மருந்துக்கே போயிற்று. அதே சமயத்தில் அவர்கள் வீட்டுச் சினைமாடு கன்று வீசியது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். எலி, மாடுகளின் மூத்திரம் வழியாகத் தண்ணீரில் பரவும் அந்தக் கிருமி மனிதர்களுக்குக் காய்ச்சலையும் மாட்டுக்குக் கருச்சிதைவையும் கொண்டுவரும் என்பது இரண்டு மருத்துவர்களுக்கும் தெரியும். ஆனால் இவர் பார்த்ததை அவர் அறிய வழியில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா என்று இன்றுவரை யாரும் சோதிக்கவில்லை. அதே மடையில் பாய்ந்த வாழை குருத்துக் கருகியபோது வந்த வேளாண் அலுவலர் மண்ணை எடுத்துப் போனார், தண்ணீரைக் கேட்கவில்லை. ஆள், மாடு, வாழை மூன்றுக்கும் ஒரே தண்ணீர்தான், அதிகாரிகளே. அதைப் பார்ப்பது மட்டும் ஏன் மூன்று தனி அலுவலகங்களாக இருக்க வேண்டும்?

ஜனவரி மாதங்களில் தன்னார்வலர்கள் நம் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். எத்தனை வந்தன என்பது சில நாட்களில் பேப்பரில் வந்துவிடுகிறது. சம்பளம் வாங்காத அந்தப் பிள்ளைகளால் முடிவது உங்களால் முடியாதா? 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிப் போனார்களே, அப்போது ஊர் சத்தம் போட்ட பிறகுதானே எல்லாம் நடந்தது? பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளத்து ஆட்களே வந்து அள்ளிப் போனார்கள். சத்தம் போடத் தெரியாத ஊர் என்ன செய்யும்? கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு எந்த ஊர் சத்தம் போடும்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது பெரிய திட்டம் இல்லை. வாரம் ஒருமுறை, விடிவதற்கு முன், கால்வாயிலும் குளத்திலும் மாதிரி எடுங்கள். மலக்கிருமிக்கும் சோதியுங்கள். அந்த மாதிரியை ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். முடிவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். எலிக்காய்ச்சலோ கன்றுவீச்சோ வந்தால் அவர்களும் அன்றே உங்களுக்குச் சொல்லட்டும். அப்புறம், அந்த முடிவை மடைப் பக்கத்தில் ஒரு பலகையில் தமிழில் எழுதிப் போடுங்கள். இறங்கலாமா, மாட்டை விடலாமா என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

கார் பருவ நெல் சாகுபடிக்கு வழக்கம்போல ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் பெண்கள் மறுபடி வயலில் இறங்குவார்கள். அதற்குள் முதல் மாதிரியை எடுத்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் என்று சொன்னால், விடியலில் மடையடியில் நாங்கள் காத்திருப்போம்.

இப்படிக்கு,
பாளையங்கால்வாய்ப் பாசன விவசாயி ஒருவர்