சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கு

அன்புள்ள பக்கத்து வீட்டுக்காரனுக்கு,

நீ வீட்டைக் காலி செய்துகொண்டு போய் 9 வருடம் ஆகிறது. இன்னும் உன்னை இப்படிக் கூப்பிடத்தான் வாய் வருகிறது. இப்போது அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் இருமுவதில்லை. நீ விடியற்காலை நாலரைக்கு, சுவருக்கு அந்தப் பக்கம், மூன்று தடவை இருமுவாய். அலாரம் வைக்காமலே நான் எழுந்த காலம் அது. இப்போது அலாரம் வைக்கிறேன், அடித்ததும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் குளிர்தான் காரணம் என்றால் சிரிப்பாய். எழுத உட்கார்ந்தால் கை தானாகப் போர்வைக்குள் போய்விடுகிறது. இன்று மதியம் மொட்டைமாடியில் நல்ல வெயில். நாற்காலியைப் போட்டு, முதுகை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நிழல் வரவர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டே எழுதுகிறேன், அதனால் எழுத்து அங்கங்கே கோணியிருக்கும். பொறுத்துக்கொள்.

நீ கேட்டிருந்த கம்பளி விஷயம் பெரிய கதை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வீட்டு விசேஷம். பேரனுக்கு ஐந்து மாதம். அவன் வந்ததிலிருந்து வீட்டில் குளிரைப் பற்றி இரண்டு கட்சி. இவள் குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, ஜில்லுன்னு இருக்கு" என்று இன்னொரு துணியைக் கொண்டு வருகிறாள். மகள், "கையைப் பார்க்காதேம்மா, பிடரியைத் தொட்டுப் பார்" என்கிறாள். மகள் சொல்வதுதான் சரி. கைக்குழந்தைகளுக்குக் கையும் காலும் சில்லென்றுதான் இருக்குமாம், நெஞ்சும் பிடரியும் வெதுவெதுப்பாக இருந்தால் போதுமாம். தூங்கும்போது தளர்வான போர்வையும் கூடாது, முகத்தில் ஏறி மூச்சை அடைக்கும் என்று மகப்பேறு முடிந்தபோதே டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிறந்த குழந்தை நம்மைப் போல நடுங்காது என்பது உனக்குத் தெரியுமா? தோள்பட்டைகளுக்கு நடுவில் பழுப்பு நிறக் கொழுப்பு கொஞ்சம் இருக்கிறதாம், அதை எரித்தே சூடு உண்டாக்கிக்கொள்ளுமாம். இதைக் கேட்டதிலிருந்து இவள் அவனைத் தூக்கும்போதெல்லாம் முதுகைத் தடவிப் பார்க்கிறாள்.

பெரிய பேத்திக்கு 11 வயது. வாய் உனக்குத் தெரியும். டிசம்பர் 22-ஆம் தேதி காலையில் அவளிடம், "இன்னையிலேர்ந்து பகல் நீளும், இனி இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம்" என்று பெரிய மனுஷனாகச் சொல்லி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து, "தாத்தா, போன மாசத்தைவிட இப்பதான் அதிக இருட்டா இருக்கு" என்றாள். காலண்டரைப் புரட்டினால் அவள் சொன்னது வாஸ்தவம். பகல் நீளத்தான் செய்கிறது, ஆனால் நீள்வது சாயங்காலப் பக்கம். சூரியன் சீக்கிரமாக மறைகிற நாள் டிசம்பர் 21-க்கு முன்னாலேயே வந்து போய்விடுகிறது. தாமதமாக உதிக்கிற நாளோ அதற்கு அப்புறம் ஜனவரியில்தான் வருகிறது. இத்தனை வருடம் சூரியனைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறேன் என்று பெயர், இது கண்ணில் படவே இல்லை.

அதோடு விட்டாளா? ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி என்று பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினாள். "அரைக் கோடி கிலோமீட்டர் பக்கத்துல வந்தும் ஏன் எனக்கு வெயில் உறைக்கலை?" என்று அப்பா கேட்டார். அவள் டார்ச்சை எடுத்துவந்து சுவரில் நேராக அடித்தாள். சின்ன வட்டம், பளிச்சென்று இருந்தது. அப்படியே சாய்த்தாள். வெளிச்சம் நீண்டு, மங்கிப்போய், உன் பழைய வீட்டுச் சுவர் வரைக்கும் போயிற்று. "பூமி 23 டிகிரிக்கு மேல சாய்ஞ்சிருக்கு, கொள்ளுத் தாத்தா. இப்ப நம்ம பக்கம் வெயில் இப்படித்தான் விழுது." அப்பா டார்ச்சை வாங்கி அவரும் இரண்டு தடவை சாய்த்துப் பார்த்தார். அப்புறம், "பேட்டரி தீர்ந்துடும், அணை" என்றார்.

உன் அம்மா சொல்வார்களே, "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று. வெயில் மிகக் குறைந்த நாள் டிசம்பரில் முடிந்துவிட்டது, குளிர் ஏன் இன்னும் ஏறுகிறது என்று யோசித்தால் அந்தப் பழமொழியில் விஷயம் இருக்கிறது. வருகிற சூட்டைவிட வெளியே போகிற சூடு அதிகமாக இருக்கிறவரை நிலமும் நீரும் ஆறிக்கொண்டே இருக்கும், கணக்கு நேராக இன்னும் சில வாரம் பிடிக்கும். நம் முன்னோர்கள் பனிக்காலத்தை ஒன்றாக வைக்காமல் முன்பனி, பின்பனி என்று இரண்டாகப் பிரித்தது சும்மா இல்லை. பின்பனியில்தான் என் முழங்கால் பேச ஆரம்பிக்கிறது.

இங்கே இப்போது அதிகாலையில் மேகமே இல்லாத வானம். மேகம் இருந்தால் அதுவே ஒரு போர்வை மாதிரி நிலத்துச் சூட்டைப் பிடித்து வைக்குமாம். இல்லாததால் விடிகிற நேரத்தில் வெடவெடவென்று இருக்கிறது. ஆனால் ஒரு நல்லது, ரயில் கேட்கிறது. நினைவிருக்கிறதா, பகலில் கேட்கவே கேட்காத அந்த ரயில் குளிர்காலத்து விடியலில் மட்டும் தெருக்கோடியில் போகிற மாதிரி கேட்குமே? காற்று தெளிவாக இருப்பதால் என்று நீ சொல்வாய். அது தப்பாம். தரையை ஒட்டிய காற்று சில்லென்றும் அதற்கு மேலே கொஞ்சம் சூடாகவும் இருப்பதால், மேலே போகிற சத்தம் வளைந்து மறுபடி கீழே வந்துவிடுகிறதாம். 9 வருடம் கழித்து இந்த வாதத்தில் நான் ஜெயித்திருக்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

இனி அப்பா. 86 முடிந்தது. ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கிறது, தேவையில்லாதது உட்பட. பிரச்சினை, அவருக்குக் குளிர் தெரிவதில்லை. பனியனோடு உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் குளிரலை" என்பார். கையைத் தொட்டால் பாத்திரம் மாதிரி இருக்கும். வயதானால் குளிர்கிறது என்று உணர்வதே மங்கிவிடுமாம், அதனால் அவர் சொல்வதை நம்பாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் அறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டினோம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லியிருக்கிறது. ஒருநாள் காலையில் பார்த்தால் அப்பா அறையில் 14. "மனுஷனுக்கு வைக்கிறதை சுவருக்கு வச்சிருக்கான்" என்று அவர் பேத்தியிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்கிறார்.

ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறார். வயது ஒரு காரணம், குளிரும் சேர்ந்துகொள்கிறது. தோல் பக்கத்து ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே போகப் போக, சிறுநீரகம் அதிகமாக நீரை வெளியேற்றுமாம். எழுந்திருக்க வேண்டுமே என்று அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அது இன்னும் மோசம். இப்போது பகலில் வெந்நீரைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம், ராத்திரி பாத்ரூம் வரைக்கும் சின்ன விளக்கு எரிகிறது. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எனக்கு விழிப்பு வந்துவிடும். அவர் திரும்பிப் படுத்து, கட்டில் கிறீச்சென்ற பிறகுதான் கண்ணை மூடுவேன். உன் இருமலுக்குப் பதில் இப்போது இது.

இனி நீ கேட்டது.

உன் கடிதத்தை வழக்கம்போல அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா போன பிறகு அவர்கள் பொருள் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கிறாய், அந்தச் சாம்பல் நிறக் கம்பளி எங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிறது. அவருக்கு நிமோனியா வந்த வருடம் உன் அம்மா மதில் மேலாகக் கொடுத்தது அது. "அண்ணனுக்கு இதைப் போர்த்துங்க, திருப்பித் தர அவசரமில்லை" என்றார்கள். பிரிந்துபோன ஓரத்தைச் சிவப்பு நூலால் அவர்களே தைத்திருப்பார்கள், நூல் இன்னும் விடவில்லை. நீங்கள் கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கப் போனோம், அவர்கள் வாங்கவில்லை.

அதற்கு நாலாவது நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு இவள் வெந்நீர் கொண்டு போனாள். கதவு சாத்தியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய கரிச்சட்டி. பின்கட்டிலிருந்து அவரே தேடி எடுத்து, யாருக்கும் சொல்லாமல் பற்ற வைத்திருக்கிறார். புகை இல்லை, தணலாகத்தான் இருந்தது. புகை அடங்கினால் ஆபத்தில்லை என்று அவர் கணக்கு. "தலை வலிக்குது, தூக்கமா வருது" என்று மட்டும் சொன்னார். இவள் ஒரு நொடி யோசிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து, என்னைக் கூப்பிட்டு, நாற்காலியோடு அவரை வெளியே கொண்டுவந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் வைத்தார்கள். கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஒட்டுதலாக இதைப் பிடித்துக்கொள்ளுமாம். தூங்கியிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். இப்போது நன்றாக இருக்கிறார், நீ பதற வேண்டாம். உன் வீட்டில் யாராவது மூடிய அறையில் கரி மூட்டுகிறார்களா என்று மட்டும் பார்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும், இத்தனை வருடம் இல்லாத பழக்கம் இப்போது எதற்கு என்று சத்தம் போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. படுக்கையைத் தட்டிப் போடும்போதுதான் இவள் கேட்டாள், கம்பளி எங்கே என்று. பீரோவில் இருந்தது. நாலாக மடித்து, செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, மேலே உன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். கை நடுங்கி எழுதிய எழுத்து. கடிதம் படித்த அன்றைக்கே கட்டியிருக்க வேண்டும். மூன்று ராத்திரி வெறும் பருத்திப் போர்வையில் படுத்திருக்கிறார், எங்களிடம் இன்னொன்று கேட்கவில்லை. "அவன் அம்மாவோடது. கேட்டுட்டான். அப்புறம் நான் எப்படிப் போத்திக்கிறது?" என்றார்.

இரண்டு மெல்லிய கம்பளிகள் வாங்கி வந்திருக்கிறோம். கனமான ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு நல்லது, நடுவில் காற்று தங்கிச் சூட்டை விடாது. ஒரு ராத்திரி போர்த்திப் பார்த்துவிட்டு, வழுக்குகிறது என்று காலடியில் தள்ளிவிட்டார். நேற்று நான் சணல் கயிற்றை அறுத்து, உன் கம்பளியை எடுத்து அவர் தூங்கிய பிறகு போர்த்திவிட்டேன். காலையில் பார்த்தேன், சிவப்பு நூல் மூலையை மோவாய் வரைக்கும் இழுத்து வைத்திருந்தார். எழுந்ததும், "அவன் கிட்ட கேட்டியா?" என்றார். கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம்தான் அந்தக் கேள்வி.

நீ இன்னும் ஐந்து மணிக்கே நடக்கப் போகிறாய் என்று தங்கச்சி இவளிடம் போனில் சொன்னதாம். இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் ஸ்டென்ட் வைத்தது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், குளிர்காலத்தில் மாரடைப்பு அதிகமாவது பல நாடுகளிலும் பார்த்த விஷயம். வெயில் வந்த பிறகு நட. அந்தக் குல்லா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது.

நாற்காலி கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது, இனி நகர இடமில்லை. பங்குனியில் நானே கம்பளியை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறேன், இரண்டு நாள் தங்குவேன், தங்கச்சியிடம் சொல்லிவை. மாசி முடிகிற வரைக்கும் அது அவர் மேலேயே இருக்கட்டும். சரி என்று ஒரு வரி எழுதிப் போடு, அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து