‘வீட்டு ஓட்டு’ என்று இனியும் எண்ண வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்ணுரிமை பற்றியும் பாலின அடையாளம் பற்றியும் எவ்வளவு விவாதம் நடந்தாலும் நம் பக்கத்து மக்கள் சின்னத்தைப் பார்த்துத்தான் வாக்களிப்பார்கள் என்று கட்சிக்காரர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். கடலூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியையாக இருந்து, பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியும் பார்த்தவள் என்ற முறையில், அந்தக் கணக்கில் பாதிதான் சரி என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். என் தாயார் தம் வாழ்நாள் முழுவதும் ஒரே சின்னத்துக்கு வாக்களித்தவர். அது அப்பாவின் கட்சி. திருமணத்துக்குப் பிறகு அம்மாவின் கட்சியும் ஆயிற்று. “இந்த வீட்டில் ஐந்து ஓட்டு” என்று குறித்துக்கொண்டு போனவர்கள், அந்த ஐந்தில் மூன்று பெண்களுடையவை என்பதைப் பொருட்படுத்தியதே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234 இடங்களில் 117 இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. ஒருவரும் வெற்றி பெறவில்லை. எல்லாக் கட்சிகளையும் சேர்த்து அந்தத் தேர்தலில் வென்ற பெண்கள் 12 பேர்தான். நல்ல கொள்கை ஒன்றை முன்வைத்ததாலேயே கட்சிப்பற்று கைமாறிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனால் அவமதிப்பு அப்படியன்று. 2020 அக்டோபரில், நம் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்டிருந்த படம் வெளியானபோது, அதுவரை அரசியல் பேசாத பெண்கள்கூடக் குழாயடியில் அதைப் பற்றிப் பேசியதை நான் கேட்டேன். 2023 அக்டோபரில், புதுச்சேரி அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் அமைச்சரான சந்திர பிரியங்கா, சாதி, பாலினப் பாகுபாட்டைக் குறிப்பிட்டுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தபோதும் அப்படித்தான். என் உறவினர் வீடு ஒன்று மூன்று தலைமுறையாக ஒரே கட்சி வீடு. ஒரு கூட்டத்தில் உள்ளூர்ப் பேச்சாளர் ஒருவர் எதிரணிப் பெண் வேட்பாளரின் குடும்ப வாழ்க்கையை இழிவாகப் பேசியதைக் கேட்ட பிறகு, அந்த வீட்டுப் பெண்கள் எதிர்க்கட்சிக்கு மாறிவிடவில்லை. வேட்பாளருக்கு ஆரத்தி எடுக்கப் போவதை நிறுத்தினார்கள். தெருத்தெருவாகத் துண்டறிக்கை கொடுப்பதை நிறுத்தினார்கள். அதற்கு அடுத்த தேர்தலில் ஒருத்தி நோட்டாவை அழுத்தியதாக என்னிடம் சொன்னாள். வாக்கு விலகுவதற்கு வெகுகாலம் முன்பே உழைப்பு விலகிவிடுகிறது. வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

திருநங்கையர், திருநம்பியர் விஷயத்தில் ‘எண்ணிக்கை குறைவு’ என்பதே கட்சிகளின் பதிலாக இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் மூன்றாம் பாலினத்தவராகப் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 48 ஆயிரம் பேர் என்பது உண்மைதான். ஆனால் அட்டையில் பழைய பெயரும் பழைய படமும் இருப்பதால் வாக்குச்சாவடிக்கு வரவே கூசுகிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கிய ஒருவரை, நான் பணியில் இருந்த சாவடியில் பெண்களே அழைத்துத் தங்கள் வரிசையில் நிறுத்திக்கொண்டதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். 2008இல் நல வாரியம் அமைத்ததற்காகவும் ‘திருநங்கை’ என்ற மதிப்பான சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததற்காகவும் அந்த ஆட்சியை மறக்காமல் வாக்களிக்கும் மூத்த திருநங்கையர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அந்த நன்றி பொய்யன்று. இருப்பினும் அவர்களோடு வாழும் இளையவர்கள், கல்வியிலும் வேலையிலும் தனி இட ஒதுக்கீடு எங்கே என்று கேட்கிறார்கள். ஆண்டுதோறும் சித்திரையில் கூவாகம் வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவது அவர்களுக்குப் போதவில்லை.

இவர்களுக்குக் கொடுப்பதால் பெண்களுக்குக் குறைந்துவிடும் என்று சிலர் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 2021இல் தமிழக நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்து, அது திருநங்கையருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதனால் எந்தப் பெண்ணின் பயணமும் நின்றுவிடவில்லை.

மாதம் ஆயிரம் ரூபாயை நான் குறைத்துப் பேசமாட்டேன். மருந்துச் செலவுக்கு மகனிடம் கையேந்தாமல் இருக்க முடிகிறது என்று சொல்லும் தாய்மார்களை அறிவேன். ஆனால் 2023 செப்டம்பரில் அதை ‘உரிமைத் தொகை’ என்ற பெயரில் தொடங்கிய பிறகு, வாங்கினாயே, வாக்களித்தாயா என்று வாசலில் வந்து கேட்பது அந்தப் பெயருக்கே முரணானது.

ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம் உள்ள புதுச்சேரியில், 2021இல் முப்பது தொகுதிகளில் ஒரே ஒரு பெண்தான் வென்றார். அங்கும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் அது நடைமுறைக்கு வருவதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புடனும் தொகுதி மறுவரையறையுடனும் இணைத்துவிட்டார்கள். கட்சிகள் தாமாகப் பெண்களை வேட்பாளராக நிறுத்த எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே, வேட்பாளர் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு கட்சியும் எத்தனை பெண்களையும் திருநங்கையரையும் நிறுத்தியிருக்கிறது என்பதையும், அவர்களுக்குக் கொடுத்தவை அக்கட்சி முன்பு வென்ற தொகுதிகளா, தோற்ற தொகுதிகளா என்பதையும் தங்கள் நாளிதழ் தொகுதிவாரியாக வெளியிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.