புளி தட்டுகிற சத்தம்

தருமபுரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

தைப்பூசத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. சரி, விடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம். கீபோர்டு அண்ணன் பேரனுக்கு மொட்டை போட்டார், உன்னை ரொம்பக் கேட்டார், அரூர் ஜெனரேட்டர் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் நம் சின்னவளைப் பற்றி. மூன்று மாதமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அவள் அறையில் ஃபேன் நின்றுவிடும். இந்த வெயிலில் ஏன் என்று எட்டிப் பார்த்தால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கம்பளியைக் கட்டி, அதற்குள் உட்கார்ந்து மைக்கில் பாடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு என்றால் காதோரம் ரகசியம் சொல்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயைத் திறந்து பாடு, கடைசி வரிசைக்குக் கேட்குமா இது?" என்று கத்திவிட்டேன். நாம் கற்றது அப்படித்தானே. குமாரசாமிப்பேட்டைத் திருவிழாவில் நீ மேலே எடுத்தால் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஹெட்ஃபோனை என் கையில் வைத்து, "முழுசாக் கேளுங்கப்பா, நடுவுல நிறுத்தாதீங்க" என்றாள்.

பில்லி ஐலிஷ் என்கிற பெண்ணின் முதல் ஆல்பம். 'வென் வி ஆல் ஃபால் அஸ்லீப், வேர் டூ வி கோ?' என்று பெயர். 2019 மார்ச் 29ஆம் தேதி வெளிவந்தது. அப்போது அவளுக்கு 17 வயது, நம் சின்னவளைவிடச் சின்னவள். லாஸ் ஏஞ்சலிஸில் அவர்கள் வீட்டில், அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் வைத்தே பெரும்பாலும் பதிவு செய்திருக்கிறார்கள். அண்ணனுக்கு நாலு வயதுதான் அதிகம். தங்கையும் அண்ணனும் எழுதி, அண்ணனே இசையும் சேர்த்து, பாட்டை முடித்துவிடுகிறார்கள். சிட்னியில் ரோட்டைக் கடக்கும்போது சிக்னல் 'டிக் டிக்' என்று அடித்ததைப் போனில் பிடித்துவந்து ஒரு பாட்டில் சேர்த்திருக்கிறாள். பல் டாக்டரிடம் போனபோது கேட்ட டிரில் சத்தம் இன்னொரு பாட்டில். அடுத்த வருஷம் அமெரிக்காவின் கிராமி இசை விருதில் சிறந்த ஆல்பம், ரெக்கார்டு, பாட்டு, புதுக் கலைஞர் என்று நாலு பெரிய விருதையும் ஒரே ராத்திரியில் வாங்கிவிட்டாள். இதற்கு முன் 1981இல் கிறிஸ்டோபர் கிராஸ் என்கிற பாடகர் ஒருவருக்குத்தான் அப்படி அமைந்ததாம்.

விருதை விடு. ராத்திரி மொட்டை மாடியில் பாயைப் போட்டுக் கேட்டேன். முதல் நாலைந்து பாட்டு எனக்குப் பிடிபடவில்லை, பேஸ் அதிர்வு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. 'ஐ லவ் யூ' என்று ஒரு பாட்டு வந்தது பார், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கிடார் மெல்ல மீட்ட, அவள் குரல் அத்தனை பக்கத்தில். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. மூச்சு கேட்டால் மைக்கைத் தள்ளிப் பிடி என்று நாம் எத்தனை பேரைத் திட்டியிருப்போம்! கடைசிப் பாட்டில் முந்தின பாட்டுகளின் வரிகளையே எடுத்துக் கோத்திருக்கிறாள். பிரிந்து போகிறவர் வாசலில் நின்று ஒரு தரம் வீட்டைச் சுற்றிப் பார்ப்பாரே, எனக்கு அப்படி இருந்தது.

மறுநாள் சின்னவளிடம், "உன் பாட்டைப் போடு" என்றேன். போட்டாள். தாளம் எங்கேயோ கேட்டதாக இருந்தது. "ஆயா புளி தட்டுறதுப்பா" என்றாள்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து தட்டுவதுதான். கல்லில் இரண்டு தட்டு, பழம் பிளக்கும், கொட்டை தகர டப்பாவில் 'டிங்' என்று விழும். அம்மாவுக்கு இப்போது கை சீராக விழுவதில்லை, இரண்டாவது தட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. அதைச் சின்னவள் திருத்தவே இல்லை. அந்தத் தாமதத்தில் அவள் குரல் வந்து உட்காருகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்ளே.

அப்புறம்தான் சென்னை ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒன்பது பாட்டோடு போனோம். ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை, இரண்டு பாட்டு முடிவதற்குள் காசு தீர்ந்தது. இரண்டாவது, உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியது. நீ அதை ரொம்ப மெதுவாகப் பாடினாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "எடுத்துப் பாடுங்க" என்றார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டு "எடுத்துப் பாடுடா" என்றேன். நீ எடுத்துப் பாடினாய். பாட்டு அங்கேயே செத்துப்போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நீ பாடி நான் கேட்கவே இல்லை. நீ பாடின விதம்தான் சரி. நான்தான் தப்புச் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது, மன்னித்துக்கொள்.

அந்தப் பச்சை அட்டை நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? எடு. வீட்டில் எல்லோரும் தூங்கினதும் ஃபேனை நிறுத்திவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அன்றைக்கு முதலில் பாடின மாதிரியே பாடி அனுப்பு. சின்னவளிடம் சொல்லிவிட்டேன், காத்திருக்கிறாள்.

சித்திரையில் கண்டிப்பாக வா. கொட்டை எடுத்த புளி இரண்டு கிலோ உனக்கென்று அம்மா தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள்.

உன்,
ஆர்மோனியம்