டாலியின் வழக்கு

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் டிவி எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான்.

'இரண்டாம் பாகம் என்றால் மேப் பெரிதாக வேண்டாமா? மாஸ் எஃபெக்ட் 2 வீடியோ கேமில் சுற்றித் திரியும் உலகமே சுருங்கிவிட்டதே' என்று குறைப்பட்டிருந்தாய். சுருங்கியது உண்மைதான். 2007-இல் வந்த முதல் பாகத்தில் மாக்கோ வண்டியை எடுத்துக்கொண்டு கிரகம் கிரகமாக அலையலாம். 2010-இல் அந்த வண்டியையே தூக்கிவிட்டார்கள். ஆனால் அலைந்து என்ன பார்த்தோம், சொல்? மொட்டை மலையும், ஒரே அச்சில் வார்த்த பதுங்கிடங்களும்.

அந்த இடத்தை இரண்டாம் பாகத்தில் நம்மோடு வரும் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியான டாலியை எடுத்துக்கொள். அவள் மேல் தேசத்துரோக வழக்கு. அவளைக் காப்பாற்றக்கூடிய ஆதாரம் செத்துப்போன அப்பாவின் விண்கப்பலிலேயே கிடைக்கிறது. ஆனால் அது அப்பாவின் பெயரை நாசமாக்கிவிடும். வெளியே சொல்லாதே என்று கெஞ்சுகிறாள். சொன்னால் விடுதலை ஆவாள், உன்னை மன்னிக்கமாட்டாள். வாயை மூடிக்கொண்டால் அவளை நாடு கடத்துவார்கள், ஆனாலும் உன்னோடு நிற்பாள். முன்பு எடுத்த முடிவுகளால் போதுமான நற்பெயரோ முரட்டுப் பெயரோ சேர்த்து வைத்திருந்தால் மூன்றாவது வழியும் திறக்கும். இத்தனையும் நடப்பது நாலைந்து அறைகளுக்குள்.

அதோடு விடுவதுமில்லை. கடைசி மிஷனில் காற்றுக்குழாய்க்குள் யாரை அனுப்புகிறாய் என்ற கேள்வி வரும்போது, டாலி மனக்கசப்போடு இருந்தால் அங்கேயே சாவாள். 2012-இல் வந்த மூன்றாம் பாகத்தில் டாலியின் இனமான குவேரியன்களுக்கும் அவர்கள் படைத்த 'கெத்' இயந்திரங்களுக்கும் சமாதானம் செய்துவைக்கப் போனால், இந்த வழக்கின் தீர்ப்பு அங்கேயும் கணக்கில் வரும்.

மாஸ் எஃபெக்டை எடுத்த அதே பயோவேர் கம்பெனி 2014-இல் டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனில் நீ கேட்ட பெரிய மேப்பைக் கொடுத்தது. அந்த வருஷத்து கேம் அவார்ட்ஸில் முதல் பரிசும் வாங்கியது. எனக்கோ அதில் வரும் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற பகுதியில் மூலிகை பறித்ததும் பளிங்குத் துண்டு பொறுக்கியதும்தான் ஞாபகம். அடுத்த கதை மிஷனைத் திறக்க 'பவர்' புள்ளி சேர்க்கவேண்டும். அதற்காக ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் சின்னச் சின்ன வேலைகள். மறு வருஷம் வந்த டிரெஸ்பாசர் என்ற கூடுதல் அத்தியாயத்தில் (டிஎல்சி) மேப்பைச் சுருக்கிப் பழைய கூட்டாளிகளை ஒன்றுசேர்த்தார்கள். என்னைக் கேட்டால் மொத்த கேமிலும் உருப்படியான பகுதி அதுதான்.

இஷ்டப்படி சுற்றும் திறந்தவெளி கேம்கள் மேல் எனக்குப் பகை இல்லை. விட்சர் 3 கேமில் மனைவியை அடித்து அடித்தே வீட்டைவிட்டு ஓடவைத்த வெலன் கோட்டைத் தலைவன் கதை திறந்தவெளியில்தானே வருகிறது? குடிகார மனுஷன், அவன்மேல் கோபமும் வரும், இரக்கமும் வரும். அப்படி எழுத ஆள் இருந்தால் எவ்வளவு பெரிய மேப்பாக இருந்தாலும் சுற்றத் தயார்.

உன் பக்கம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மாஸ் எஃபெக்ட் 2-இல் கூட்டாளிகள் எல்லோரும் நாம் ஆடும் நாயகன் ஷெப்பர்டிடம்தான் பேசுவார்கள். மிராண்டாவும் ஜாக்கும் ஒருமுறை, டாலியும் லீஜனும் ஒருமுறை மோதிக்கொள்வார்கள். மற்றபடி ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சோகம். ஒரே கப்பலில் இருப்பவர்கள் மாதிரியே தெரியாது.

2024-இல் வந்த டிராகன் ஏஜ்: வெய்ல்கார்டு மறுபடி மிஷன், கூட்டாளிகள் பக்கம் திரும்பியிருக்கிறது. உன்னிடம் டிஸ்க் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. டாலி வழக்கில் நீ என்ன செய்தாய் என்பதை மட்டும் அதற்கு முன்பே எழுதிவிடு.

அன்புடன்,
சேகர்