நினைவஞ்சலியில் என்ன போடுவது?

அன்புள்ள கயல்,

தமிழ் முரசு பத்திரிகையில் போடுவதற்காக அப்பாவைப் பற்றி நீ எழுதி அனுப்பிய நினைவஞ்சலியைப் படித்தேன். அதற்குப் பெரியண்ணன் போட்ட பதிலையும் படித்தேன். "இது யாருடைய அப்பா?" என்று அவன் கேட்டது உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். நான் வாட்ஸ்அப்பில் ஏதாவது சொன்னால் ஆளாளுக்கு ஒரு பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"கோபமே அறியாதவர்" என்ற வரியை எடுத்துவிடும்மா. அப்பாவுக்குக் கோபம் வரும், நன்றாகவே வரும்.

நீ பிறந்தது 1984இல். அடுத்த வருஷமே சிங்கப்பூரில் தொழிலெல்லாம் படுத்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அப்படியொரு மந்தம் வந்தது அதுதான் முதல் தடவை. கப்பல் பட்டறைகளுக்குப் பலத்த அடி. அப்பா அப்போது ஜூரோங்கில் வெல்டர். ஓவர்டைம் பணத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றுபோயிற்று. 1986 ஏப்ரலில் முதலாளி கட்டும் மத்திய சேமநிதியையும் சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10ஆகக் குறைத்துவிட்டார்கள். ஈசூன் வீட்டுத் தவணை அதுவரை முழுக்கச் சேமநிதியிலிருந்தே போனது. இப்போது துண்டு விழுந்ததை மாதாமாதம் கைக்காசாகக் கட்ட வேண்டும். கையில் எங்கே இருந்தது? அப்பா சனி, ஞாயிறுகளில் தேக்கா மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்கப் போனார்.

இதற்கு நடுவில் கண். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டுவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ராத்திரிதான் வேலையைக் காட்டும். இவர் கண்ணாடிக் கவசம் போட்டுத்தான் வேலை செய்வார், ஆனால் பக்கத்தில் இன்னொருவர் பற்றவைக்கும்போது ஓரத்தில் வந்து அடித்துவிடும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது மாதிரி உறுத்தும், தண்ணீராக ஊற்றும், விளக்கை ஏறிட்டுப் பார்க்க முடியாது. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மூடிய கண்மேல் வைப்பேன். சூடேறியதும் எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைப்பேன். அது மருந்தா இல்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, பட்டறையில் எல்லார் வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள்.

பெரியண்ணனுக்கு அந்த வருஷம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. கூடத்தில் ஒரே மேசை, அதன்மேல் ஒரே விளக்கு. "விளக்க அணைடா!" என்று உள்ளேயிருந்து அப்பா கத்துவார். பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், காரிடார் விளக்குக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்துவிடுவான். அது புளோக்கின் பொது விளக்கு, யாரும் அணைக்க முடியாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அவனுக்குப் பாய் ஒன்று கொடுத்திருந்தார். அவனுக்கு அப்பா என்றதும் இதுதான் ஞாபகம் வருகிறது. வராமல் எப்படி இருக்கும்?

கண் வலி ஒரு காரணம்தான், ஆனால் எல்லாக் கத்தலுக்கும் அதையே சொல்லிச் சமாளிக்க மாட்டேன். ஒரு நாள் அவன் கணக்குப் புத்தகத்தைக் கதவுக்கு வெளியே வீசினார். அன்றைக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது.

உனக்கு விவரம் தெரிகிற வயது வந்தபோது அப்பா போர்மேன் ஆகிவிட்டார். பற்றவைக்கிற வேலை குறைந்தது, கடனும் குறைந்தது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போவார். மலேசியா ரயிலுக்குக் கையாட்டிவிட்டு, அங்கேயே பரோட்டாவும் வாங்கித் தின்றுவிட்டு இரண்டு பேரும் எண்ணெய்க் கையோடு வருவீர்கள். அந்த நிலையத்தை மூடுவதற்கு முன், 2011 ஜூன் 30ஆம் தேதி ராத்திரி அங்கிருந்து கடைசி ரயில் கிளம்பியபோது, கூட்டத்துக்குள் நின்றுகொண்டு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போன் போட்டு உன்னைத்தானே சத்தம் கேட்கச் சொன்னார்? நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை!

சின்னண்ணன் இந்தச் சண்டையில் வாயே திறக்கவில்லை, கவனித்தாயா? காப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஆளுக்கொரு கோப்பி ஓ கோசோங்கை வைத்துக்கொண்டு அவனும் அப்பாவும் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவன் கணக்கில் அது பேச்சுதான்.

இதில் எது நிஜம் என்று என்னைக் கேட்காதே. பெரியவனுக்குக் கிடைத்தது கடன் கட்டிக்கொண்டிருந்த அப்பா, உனக்குக் கிடைத்தது கடன் தீர்ந்த அப்பா. நான் இரண்டு பேரோடும் குடித்தனம் நடத்தினேன். நீ அவனைத் திருத்தப் போகாதே. உன் ரயில் கதையைக் கேலி செய்யக் கூடாது என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.

இனி விளம்பர விஷயம். "அன்பே உருவான, பண்பின் சிகரமான" என்பதெல்லாம் எல்லாருக்கும் போடுகிறார்கள். அப்பாவே காலையில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "செத்தா எல்லாரும் தங்கம்தான் போல" என்று சிரிப்பார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த உன் தாத்தா, முரசைத் தொடங்கிய சாரங்கபாணி காலத்திலேயே அதை எழுத்துக்கூட்டிப் படித்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அதில் பெயர் வருவதே பெரிய மரியாதை. பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி, அதற்குக் கீழே "வெல்டர்" என்று போடு. "பொறியியல் துறை" என்று போட்டால் கௌரவமாக இருக்கும் என்று உன் மாமா சொல்கிறார். வேண்டாம். அதற்கும் கீழே உங்கள் மூன்று பேர் பெயர், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பாட்டெல்லாம் வேண்டாம்.

படம், கோட்டுப் போட்டது வேண்டாம். அந்தக் கோட்டு இரவல். செம்பவாங் கடற்கரையில் நீ எடுத்தாயே, நீலச் சட்டையில், அதை அனுப்பு. கைப்பக்கம் பொறி தெறித்த ஓட்டைகள் தெரியும், அவற்றை மறைக்கிறேன் என்று கணினியில் எதுவும் செய்துவிடாதே.

திதிக்கு வடை, பாயசம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வர முடியாவிட்டால் பரவாயில்லை. ஆனால் பெரியண்ணனுக்கு நீயே போன் செய். ராத்திரி பத்துக்கு மேல்தான் ஓய்வாக இருப்பான். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தானே, அந்தச் சாக்கு செல்லாது. காரிடார் விளக்குக் கதையை அவன் வாயால் கேள், எனக்குத் தெரிந்தது பாதிதான்.

இப்படிக்கு,
அம்மா